பக்கவாதமும் பக்கத்து வீட்டுக்காரர்களும்

'சார்லி அண்ட் த சாக்லேட் ஃபேக்டரி' தெரியாத பதிவர்கள் ரொம்பக் குறைவு. புத்தகமாகப் படிக்காவிட்டாலும், ஜானி டெப் உயரத் தொப்பி போட்டுக்கொண்டு வரும் படத்தையாவது டிவியில் பார்த்திருப்பீர்கள். இந்தப் பதிவு அதை எழுதிய ரோல்ட் டால் பற்றியது இல்லை. அவருடைய மனைவி பற்றியும், அவர்கள் ஊரில் அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்கள் பற்றியும். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இல்லாதவர்கள் இப்போதே எஸ்கேப் ஆகிவிடலாம் :-)

மனைவி பெயர் பட்ரீஷியா நீல். ஹாலிவுட் நடிகை. 'ஹட்' படத்துக்காக 1964-ல் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் வாங்கியவர். அடுத்த வருடமே, 1965 பிப்ரவரியில், லாஸ் ஏஞ்சலீஸில் இருந்தபோது மூளையில் ரத்தக்குழாய் வெடித்து அடுத்தடுத்து ரத்தக்கசிவு. ஜான் ஃபோர்ட் இயக்கிய '7 விமன்' படத்தில் அப்போதுதான் நடிக்க ஆரம்பித்திருந்தார். வயது 39. மூன்று மாதக் கர்ப்பிணி வேறு. பல மணி நேர ஆபரேஷன், அதற்கப்புறம் மூன்று வாரம் கோமா. ஒரு சினிமாப் பத்திரிகை அவர் இறந்துவிட்டதாகவே செய்தி போட்டுவிட்டது.

அவர் இறக்கவில்லை. ஆனால் கண் விழித்தபோது வலது பக்கம் விளங்கவில்லை. பார்வையில் கோளாறு. பேச்சு வரவில்லை. வசனம் பேசிச் சம்பாதித்தவருக்கு, எதிரில் இருக்கும் பொருளின் பெயரே வாய்க்கு வரவில்லை. இதை அஃபேசியா என்பார்கள். புத்தி அப்படியே இருக்கும், வார்த்தைதான் கிடைக்காது. என்ன ஒரு சித்திரவதை, யோசித்துப் பாருங்கள்.

மே மாதம் இங்கிலாந்துக்குத் திரும்பினார்கள். பக்கிங்ஹாம்ஷர் கவுண்டியில் கிரேட் மிஸ்ஸென்டன் என்ற சின்ன ஊர். அங்கேதான் கதை ஆரம்பிக்கிறது.

ரோல்ட் டால் ஒரு விசித்திரமான ஆசாமி. 1960-ல் அவருடைய கைக்குழந்தை தியோ நியூயார்க்கில் டாக்ஸி மோதித் தலையில் அடிபட்டு, மூளையில் நீர் கோத்துக்கொண்டது. அதை வடிக்க வைத்த வால்வு அடிக்கடி அடைத்துக்கொண்டது. மனுஷன் அழுதுகொண்டு உட்காரவில்லை. ஸ்டான்லி வேட் என்ற பொறியாளரையும், கென்னத் டில் என்ற நரம்பியல் அறுவை நிபுணரையும் சேர்த்துக்கொண்டு புதுசாக ஒரு வால்வையே உருவாக்கிவிட்டார். 'வேட்-டால்-டில் வால்வு' என்று மூன்று பேர் பெயரும் அதில் இருக்கிறது. 1962-ல் மூத்த மகள் ஒலிவியா தட்டம்மை வந்து ஏழு வயதில் இறந்துபோனாள். இப்போது மனைவி.

பக்கவாதம் வந்தவர்களுக்கு அன்றைக்கெல்லாம் ஒரு நாளைக்கு அரை மணியோ ஒரு மணி நேரமோ பயிற்சி என்பதுதான் வழக்கம். மிச்ச நேரமெல்லாம் சும்மா படுத்திருக்க வேண்டியது, இல்லாவிட்டால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியது. டாலுக்கு இது ஒத்துவரவில்லை. ஊரில் உள்ள நண்பர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரையும் கூப்பிட்டு முறை போட்டார். நம்ம ஆபீஸ் ஷிஃப்ட் ரோஸ்டர் மாதிரியேதான். ஒருத்தர் வந்து ஒரு மணி நேரம் இருப்பார். அவர் போனதும் அடுத்தவர். தினமும் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். படிப்பு, எழுத்து, கூட்டல் கழித்தல், புதிர், விளையாட்டு. வந்தவர்களில் யாரும் இதற்காகப் படித்தவர்கள் கிடையாது.

பலன் தெரிந்தது. ஆனால் இதை 'அன்பான கணவர், அழகான கதை' என்று முடித்துவிட முடியாது. டால் காட்டியது ரொம்பக் கறாரான அன்பு. ஒரு பொருள் வேண்டுமென்றால் பட்ரீஷியா அதன் பெயரைச் சொல்ல வேண்டும், அப்போதுதான் கைக்கு வரும். 1988-ல் வந்த தன் சுயசரிதையில் அந்த நாட்களின் கோபத்தையும் விரக்தியையும் பட்ரீஷியா ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். உடம்பு தேறிக்கொண்டிருந்தது, மனசு தேறவில்லை. அந்த ஆகஸ்டில் மகள் லூசி நல்லபடியாகப் பிறந்த பிறகும்கூட.

இந்த இடத்தில்தான் வேலரி ஈட்டன் கிரிஃபித் வருகிறார். அதே ஊர்க்காரர். அழகு நிலையம் ஒன்றை நிர்வகித்துவிட்டு, உடல்நிலை காரணமாக வேலையை விட்டு வீட்டில் இருந்தவர். மருத்துவப் படிப்பு எதுவும் இல்லை. ஆனால் அவர் ஒன்றைக் கவனித்தார். பட்ரீஷியாவால் எது முடியவில்லை என்று பட்டியல் போட்டு அதையே திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னால் அவர் சுருங்கிப்போகிறார். எதில் அவருக்கு ஆர்வம் இருக்கிறதோ அதிலிருந்து ஆரம்பித்தால் மலர்கிறார். பள்ளிக்கூடத்து டீச்சர் மாதிரி இல்லாமல், வீட்டுக்கு வந்த தோழி மாதிரி இருந்தார் வேலரி.

1967 மார்ச்சில் நியூயார்க்கில் மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காக ஒரு நிதி திரட்டும் விழா. பட்ரீஷியா மேடையேறிப் பேசினார். வேலரியோடு சேர்ந்து வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்த பேச்சு. அடுத்து 'த சப்ஜெக்ட் வாஸ் ரோஸஸ்' என்று ஒரு படம், 1968-ல். அதற்கு மறுபடியும் ஆஸ்கர் பரிந்துரை! வசனம் நினைவில் நிற்காமல் அவஸ்தைப்பட்டு நடித்த படம் அது.

இத்தோடு நின்றிருந்தால் இது ஒரு நட்சத்திரத்தின் கதை. வேலரி அங்கே நிறுத்தவில்லை. செய்ததை எல்லாம் 'எ ஸ்ட்ரோக் இன் த ஃபேமிலி' என்று 1970-ல் புத்தகமாக எழுதினார். நட்சத்திரம் இல்லாத வீடுகளில், முறை போட ஆள் இல்லாத வீடுகளில் என்ன செய்வது? 1973-ல் பிரிட்டனில் மார்பு, இதயம், பக்கவாத நோய்களுக்கான சங்கத்தின் கீழ் தன்னார்வலர் திட்டம் ஒன்று தொடங்கியது. முன்னால் நின்றவர் வேலரி. பேச்சிழந்தவர்களை உள்ளூர்த் தன்னார்வலர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார்கள். அதோடு வாரத்துக்கு ஒருமுறை எல்லாரும் ஓரிடத்தில் கூடுவார்கள். அந்தச் சங்கம்தான் 1992-ல் 'ஸ்ட்ரோக் அசோசியேஷன்' என்று பெயர் மாற்றிக்கொண்டது.

அந்த 'ஓரிடத்தில் கூடுவது' என்பதுதான் இந்தப் பதிவின் விஷயமே.

*

வேலரியின் குழுக்கள் பேச்சுக்கானவை. உடற்பயிற்சிக்குக் கூட்டம் சேர்க்கும் கதை தனியாக ஓடிக்கொண்டிருந்தது. வேடிக்கை என்னவென்றால், அதுவும் அதே பக்கிங்ஹாம்ஷரில்தான் பெரிதாக வெடித்தது. கிரேட் மிஸ்ஸென்டனுக்கு வடக்கே சில மைல் தூரத்தில் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரி. நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூத டாக்டர் லுட்விக் குட்மன் 1944-ல் அங்கே தண்டுவடம் அடிபட்ட ராணுவத்தினருக்கான பிரிவைத் தொடங்கினார். அவர்களைப் படுக்கையிலேயே விட்டுவிடுவதுதான் அதுவரை நடைமுறை. குட்மன் அவர்களைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து அணி பிரித்து விளையாட விட்டார். 1948 லண்டன் ஒலிம்பிக்ஸ் தொடங்கிய அதே நாளில், ஆஸ்பத்திரிப் புல்வெளியில் 16 பேர் வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டார்கள். பாராலிம்பிக்ஸுக்கு விதை அதுதான். விளையாட்டு தசையை மட்டுமல்ல, சுயமரியாதையையும் மீட்கும் என்பது குட்மனின் வாதம்.

சரி, தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு 1940-களிலேயே கிடைத்தது பக்கவாதக்காரர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை?

ஒன்று, வயது. அங்கே இருந்தவர்கள் இளைஞர்கள், ராணுவத்தினர். பக்கவாதம் வந்தவர்கள் பெரும்பாலும் வயசானவர்கள். "இந்த வயசுல என்னத்துக்கு அலட்டிக்கிட்டு" என்ற எண்ணம் நம்ம ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. இரண்டு, சிகிச்சை முறையே அப்படி அமைந்துவிட்டது. 1940-களில் லண்டனில் பெர்த்தா போபத் என்ற அம்மையார் உருவாக்கிய முறை உலகமெங்கும் பரவியது. சிகிச்சையாளர் தன் கையாலேயே நோயாளியின் உடம்பைப் பிடித்து, அசைவை வழிநடத்த வேண்டும். அதனால் ஒருத்தருக்கு ஒருத்தர். அது மட்டுமில்லை, கஷ்டப்பட்டுப் பலம் கொடுத்துச் செய்தால் பாதிக்கப்பட்ட தசையின் இறுக்கம் கூடிவிடும் என்ற பயமும் ரொம்ப காலம் இருந்தது. பிறகு எங்கே ஜிம், எங்கே குழு?

மாற்றம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. சிட்னியில் ஜேனட் கார், ராபர்ட்டா ஷெப்பர்ட் என்ற இருவர் 1982-ல் ஒரு புத்தகம் போட்டார்கள். எந்தக் காரியம் திரும்ப வரவேண்டுமோ அந்தக் காரியத்தையே பழகு என்பது சாரம். எழுந்திருக்க முடியவில்லையா, எழுந்திருப்பதையே பயிற்சி செய். புரோகிராமிங் கற்றுக்கொள்ள புரோகிராம் எழுது என்பது மாதிரி. கேட்க சாதாரணமாக இருக்கிறது, ஆனால் இதில் ஒரு பெரிய விஷயம் ஒளிந்திருக்கிறது. நோயாளி தானாகவே செய்ய வேண்டும் என்றாகிவிட்டால், சிகிச்சையாளரின் இரண்டு கையும் விடுபடுகிறது. ஒரே நேரத்தில் ஆறு பேரைப் பார்த்துக்கொள்ளலாம்.

2000-ல் காதரின் டீன் குழுவினர் ஒரு சின்ன ஆய்வு வெளியிட்டார்கள். பன்னிரண்டே பேர்தான். ஹாலில் வரிசையாக இடங்கள். ஒரு இடத்தில் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார வேண்டும், ஒரு இடத்தில் படி ஏறி இறங்க வேண்டும், ஒரு இடத்தில் தடைகளைத் தாண்டி நடக்க வேண்டும். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை எல்லாரும் அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். இதற்கு சர்க்யூட் கிளாஸ் என்று பெயர். வாரம் மூன்று நாள், நான்கு வாரம். இவர்கள் எல்லாரும் பக்கவாதம் வந்து பல மாதங்கள் கடந்தவர்கள், "இனிமேல் பெரிதாக முன்னேற்றம் இருக்காது" என்று சொல்லப்படும் கட்டத்தில் இருந்தவர்கள். அவர்கள் நடை வேகமும் தூரமும் கூடின.

அப்புறம் வரிசையாக வந்தன. கனடாவில் 2005-ல் 63 பேரை வைத்து 19 வாரம், ஆஸ்பத்திரியில் இல்லை, சமூகக் கூடத்தில். நெதர்லாந்தில் 2012-ல் 250 பேர்: தனித்தனி பிஸியோதெரபியா, குழுவா என்று நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். 'உங்கள் நடமாட்டம் எப்படி இருக்கிறது' என்று கேட்டதில் இரண்டு பக்கமும் வித்தியாசம் இல்லை. அளந்து பார்த்ததில் குழுவில் இருந்தவர்கள் நடப்பது சற்றே மேல். 2017-ல் 17 ஆய்வுகளை, சுமார் 1300 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் அறிக்கை வந்தது. சர்க்யூட் கிளாஸ் போனவர்கள் ஆறு நிமிடத்தில் சராசரியாகச் சுமார் 60 மீட்டர் அதிகம் நடந்தார்கள் என்றது. 60 மீட்டர் என்றால் பிரமாதமா என்று கேட்கலாம். வாசலோடு நின்றுவிடுவதற்கும் தெருமுனைக் கடை வரை போய்வருவதற்கும் உள்ள வித்தியாசம் பல சமயம் அதுதான்.

*

இப்போது மனசுக்கு வருவோம்.

பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது என்பது பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்த கணக்கு. "காலு வராட்டி வருத்தமா இருக்காதா" என்று இதை ஒதுக்கிவிட முடியாது. மனசு விட்டுப்போனவர் பயிற்சி செய்யமாட்டார். பயிற்சி செய்யாதவருக்குக் கால் வராது. கால் வராதவருக்கு மனசு இன்னும் விட்டுப்போகும். புரோகிராமர்கள் பாஷையில் இன்ஃபினிட் லூப். எங்கேயாவது ஒரு 'பிரேக்' போட்டால்தான் வெளியே வர முடியும்.

மாத்திரையால் போடலாமா? பிரிட்டனில் 3127 பேரை வைத்து ஃபோகஸ் என்ற பெரிய ஆய்வு செய்தார்கள், 2018-ல் முடிவு வந்தது. பக்கவாதம் வந்தவர்களுக்கு ஆறு மாதம் ஃப்ளூவாக்ஸெட்டின் கொடுத்துப் பார்த்தார்கள். புதிதாக மனச்சோர்வு வருவது குறைந்தது. ஆனால் கை கால் செயல்பாட்டில் முன்னேற்றம் இல்லை, எலும்பு முறிவு வேறு கூடியது. (மனச்சோர்வுக்கு டாக்டர் மாத்திரை எழுதித் தந்திருந்தால் இதைப் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள். அந்த ஆய்வு வேறு கேள்விக்கானது.)

உடற்பயிற்சியால் போடலாமா? இத்தாலியில், டஸ்கனி பகுதியில் எம்போலி என்ற ஊர். பக்கவாதம் வந்து நாளானவர்களுக்கு உள்ளூர் ஜிம்களிலேயே வாரம் மூன்று நாள், ஒரு மணி நேரக் குழுப் பயிற்சி. 2009-ல் வெளியான ஆய்வில் சுமார் 80 பேர். ஆறு மாதம் கழித்து, குழுவுக்கு வந்தவர்களின் நடையும் சமநிலையும் கூடியிருந்தன. ஆரம்பத்தில் மனச்சோர்வோடு வந்தவர்களுக்கு அது குறைந்திருந்தது. குழுவுக்கு வராதவர்களுக்கு அப்படியே இருந்தது.

ஏன் குழு? ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-ல் எழுதியது இங்கே பொருந்துகிறது. 'என்னால் முடியும்' என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது? நாமே செய்து பார்ப்பதிலிருந்து வரும். அதற்கு அடுத்து, நம்மைப் போன்ற ஒருத்தர் செய்வதைப் பார்ப்பதிலிருந்து வரும். கவனியுங்கள், 'நம்மைப் போன்ற' ஒருத்தர். இருபத்தைந்து வயது பிஸியோதெரபிஸ்ட் தம்பி ஆயிரம் முறை எழுந்து காட்டினாலும் அது கணக்கில் வராது. அதே இடது கை மடங்கிய, மூன்று மாதம் முன்னால் ஆரம்பித்த இன்னொருத்தர் எழுந்து நிற்கிறார் பாருங்கள், அது கணக்கில் வரும்.

என் பெரியப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்தபோது குடும்பத்தில் எல்லாரும் நன்றாகவே பார்த்துக்கொண்டோம். தினமும் முக்கால் மணி நேரம் பிஸியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வருவார். பெரியப்பா சொன்னதையெல்லாம் செய்வார். அவர் போனதும் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். கல்யாணம் காதுகுத்து எதற்கும் வரமாட்டார். இடது கையால் சாப்பிடுவதை நாலு பேர் பார்ப்பார்களே என்று. பெரியம்மாதான் எல்லாவற்றுக்கும். நாலு வருடத்தில், தன்னைப் போலவே கை மடங்கிய இன்னொரு மனிதரோடு அவர் உட்கார்ந்து பேசியதாக எனக்கு நினைவே இல்லை. அப்படிப்பட்டவர்கள் அந்த ஊரில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள், ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு டிவி முன்னால்.

'குடும்பம் இருக்கே, போதாதா' என்று நாம் சொல்வோம். இந்தியாவில் அதையும் சோதித்துப் பார்த்தார்கள். அட்டெண்ட் என்ற ஆய்வு, 14 ஆஸ்பத்திரிகள், 1250 நோயாளிகள். வீட்டில் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து அவரே மறுவாழ்வுப் பயிற்சி அளிப்பது என்று ஏற்பாடு. 2017-ல் வந்த முடிவு: வழக்கமான கவனிப்பைவிட இதில் கூடுதல் பலன் இல்லை. குடும்பத்தின் அன்பில் குறை என்று அர்த்தமில்லை. ஒரே ஒரு ஆள் தலையில் வைத்தால் இவ்வளவுதான் முடியும் போலிருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. டால்கூட தன் ஒருவர் தலையில் வைத்துக்கொள்ளவில்லையே, ஊரையல்லவா கூப்பிட்டார்.

நேர்மையாக இரண்டு விஷயம் சொல்லிவிட வேண்டும். ஒன்று, எல்லாவற்றிலும் அதிகம் என்பது நல்லதில்லை. 2015-ல் வந்த அவெர்ட் ஆய்வில் 2104 பேர். பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள்ளேயே அடிக்கடி எழுப்பி அதிகமாக நடமாட வைத்தவர்களில், நன்றாகத் தேறியவர்கள் எண்ணிக்கை குறைந்துதான் போனது. எனவே எப்போது, எவ்வளவு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். இரண்டு, உடற்பயிற்சி மனச்சோர்வைக் குறைக்கிறதா என்று 13 ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் ஒரு கட்டுரை வந்தது. குறைக்கிறது, ஆனால் சிறிய அளவில். அதுவும் பயிற்சி நடக்கும்வரைதான். நிறுத்திக் கொஞ்ச காலம் ஆனால் அந்தப் பலன் நிற்கவில்லை.

பல பேர் இந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு "அப்போ பெரிசா உபயோகம் இல்லை" என்பார்கள். எனக்கு நேர் எதிராகத் தோன்றுகிறது. சாப்பிட்டால் பசி அடங்குகிறது, நிறுத்தினால் பசிக்கிறது. அதற்காகச் சாப்பாடு வேலை செய்யவில்லை என்போமா? ஆண்டிபயாடிக் மாதிரி பன்னிரண்டு வாரக் கோர்ஸ் போட்டு முடிப்பதற்கு இது மருந்து இல்லை. போவதற்கு ஒரு இடம். செவ்வாய்க்கிழமை வந்தால் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்ப ஒரு காரணம். நாம் போகாவிட்டால் "ஏன் வரலை" என்று கேட்க நாலு பேர். ஆராய்ச்சியாளர்கள் 2014-ல் எண்களில் கண்டதை, கையில் பட்டம் எதுவும் இல்லாத வேலரி 1973-லேயே ஏற்பாட்டில் செய்துவிட்டார். அவர் தொடங்கியதற்கு முடிவு தேதி இல்லை. வாரா வாரம் நடக்கும் கூட்டம்.

பட்ரீஷியா நீல் 2010-ல், 84 வயதில் இறந்தார். பக்கவாதம் வந்து 45 வருடம் கழித்து. அவர் வளர்ந்த ஊரான அமெரிக்காவின் நாக்ஸ்வில்லில் 1978-ல் அவர் பெயரிலேயே ஒரு மறுவாழ்வு மையம் தொடங்கப்பட்டது.

இதற்குப் பெரிய கட்டடம் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடக்கும் ஒரு பள்ளிக்கூட ஹால், கைப்பிடியுள்ள பத்து நாற்காலி, ஒரு பிஸியோதெரபிஸ்ட், கீழே விழாமல் பிடித்துக்கொள்ள நாலு பேர், கடைசியில் ஆளுக்கொரு டீ. டாக்டர் சரி என்று சொன்னவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தால் போதும்.

உங்கள் ஊரில் இப்படி ஏதாவது நடக்கிறதா? நடந்தால் எந்த ஊர், என்ன கிழமை, யார் நடத்துகிறார்கள் என்று பின்னூட்டத்தில் சொல்லுங்கள். பதிவிலேயே சேர்த்துவிடுகிறேன். யாருக்காவது உபயோகப்படும்.